வேலைவாய்ப்புப் பதிவும் உதவித்தொகையும்: தளம் மக்கர் செய்தால் என்ன செய்வது? டெல்டா மாவட்டத்தாருக்கு முழு வழிகாட்டி

“பன்னெண்டாவது முடிச்சப்பவே பள்ளிக்கூடத்துல பதிஞ்சு கொடுத்துட்டாங்க, இன்னும் ஒண்ணும் வரலை.” தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத பிரவுசிங் சென்டர் கிடையாது. எது வரவில்லை என்று திருப்பிக் கேட்டால் வேலை, கார்டு, உதவித்தொகை என்று ஆளுக்கொரு பதில் வரும். மூன்றும் வேறு வேறு. பதிவு செய்துவிட்டால் வேலையில்லாதோருக்கான உதவித்தொகை தானாக வராது. உதவித்தொகை வருவதால் வேலை தேடித் தரப்படும் என்றும் இல்லை. தளம் இதை எங்கேயும் தெளிவாகச் சொல்வதில்லை. பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்தத் தளம் எதற்கு

மாநில அரசின் வேலைவாய்ப்புத் துறைத் தளம்தான் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கானது. புதுப் பதிவு, கல்வித் தகுதி சேர்ப்பு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அடையாள அட்டை அச்செடுப்பு எல்லாம் இதில்தான். உதவித்தொகைக்கான படிவத்தையும் இங்கே இறக்கிக்கொள்ளலாம். நிரப்பிய படிவத்தை மட்டும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் 2020-ல் வந்தது. கம்பெனிகள் காலியிடம் போடும், நீங்கள் விண்ணப்பிப்பீர்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை, அதாவது என்.சி.எஸ்., 2015 ஜூலையில் தொடங்கியது. இந்த இரண்டில் பதிந்தாலும் மாவட்ட அலுவலகப் பதிவுமூப்பு (சீனியாரிட்டி) கிடைக்காது, உதவித்தொகைக்குப் பதிந்து ஐந்தாண்டு ஆக வேண்டும் என்ற கணக்கும் ஓடாது. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத தனி ஏற்பாடு. 150 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டு செல்லும். “டி.என்.பி.எஸ்.சி.யில் பதிந்திருக்கிறேனே” என்று உதவித்தொகை கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு.

பழைய பதிவுக்குள் நுழைவது

இங்கேதான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கும்போது பள்ளியிலேயே இணையத்தில் பதிந்து தருகிறார்கள். சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து பதினைந்து நாளுக்குள் பதிந்த அனைவருக்கும் ஒரே பதிவுமூப்புத் தேதி கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவசரத்தில் ஆசிரியரின் கைபேசி எண்ணோ, தெருமுனை சென்டர்காரரின் மின்னஞ்சலோ பதிவில் ஏறிவிடும். ஆறு வருடம் கழித்துக் கடவுச்சொல் மறந்தால் ஓடிபி யாருக்கோ போகும்.

முதலில் பயனர் பெயரைச் சரியாகக் கட்டிப் பாருங்கள். பழைய பதிவுகளுக்குப் பதிவு எண்ணேதான் பயனர் பெயர். அதன் அமைப்பு இப்படி: மாவட்ட அலுவலகத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, பதிந்த ஆண்டு நான்கு இலக்கம், ஆண் என்றால் எம், பெண் என்றால் எஃப், கடைசியாக எட்டு இலக்கப் பதிவு எண். பழைய அட்டையில் 4567 என்று மட்டும் இருந்தால் முன்னால் நான்கு சுழியம் சேர்த்து 00004567 என்று அடிக்க வேண்டும். மொத்தம் பதினாறு வருகிறதா என்று எண்ணுங்கள். சுழியத்துக்குப் பதில் ‘ஓ’ எழுத்தை அடிப்பது வாடிக்கையான பிழை. கைபேசியில் அடிக்கும்போது எழுத்துக்குப் பின்னால் தானாக ஓர் இடைவெளி விழுந்துவிடும், அதையும் நீக்குங்கள்.

கடவுச்சொல்லை நீங்கள் மாற்றாதவரை பிறந்த தேதிதான் கடவுச்சொல். நாள், மாதம் இரண்டும் இரண்டிரண்டு இலக்கம், ஆண்டு நான்கு இலக்கம், நடுவில் சாய்கோடு. 05/03/1994 என்றால் திறக்கும், 5/3/1994 என்றால் திறக்காது. இதிலும் திறக்காவிட்டால் பள்ளியில் பதிந்தபோது பிறந்த தேதியே தப்பாக ஏறியிருக்கலாம். பழைய அட்டை நகல் இருந்தால் அதில் பாருங்கள்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் புதிதாக இன்னொரு பதிவு போட்டுவிடாதீர்கள். சென்டரில் “புதுசா போட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேலை” என்பார்கள். போட்டால் பதிவுமூப்பு இன்றைய தேதியிலிருந்து தொடங்கும். ஐந்தாண்டு காத்திருப்பும் முதலிலிருந்து. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, குடும்ப அட்டை, பழைய அட்டை நகல் இருந்தால் அது, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்க் கைபேசி எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும் எண் வீட்டில் நிலையாக இருக்கும் எண்ணாக இருக்கட்டும். ஆஃபர் சிம் எண்ணைக் கொடுத்தால் அடுத்த புதுப்பித்தலின்போது இதே கதை.

தளமே திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் நேரத்தை மாற்றுங்கள். மாதக் கடைசியிலும், தேர்வு முடிவு வந்த வாரங்களிலும் பகலில் மல்லுக்கட்டுவது வீண். விடிகாலையில் முயன்று பாருங்கள். ‘அச்சிடு’ அழுத்தியும் அட்டை வரவில்லை என்றால் பெரும்பாலும் உலாவி பாப்அப்பைத் தடுத்திருக்கும்; அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கேப்சா சரியாக அடித்தும் தப்பு என்று வந்தால் பக்கம் காலாவதியாகிவிட்டது. பின்னால் போகாமல் முகப்புப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியவை

பெயர் முதலில். ஆதாரில் முதலெழுத்து பின்னால், மதிப்பெண் சான்றில் முன்னால், வங்கியில் அப்பா பெயர் விரிவாக. இந்த முரண் பதிவில் தொல்லை தராது, பணம் போடும் கட்டத்தில் தரும். கல்விச் சான்றை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரையும் வங்கியையும் அதற்கேற்பத் திருத்துவது எளிது.

அடுத்து மாவட்டம். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28-ல் நாகையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி வட்டத்தார் அதற்கு முன் பதிந்திருந்தால் அது நாகை அலுவலகப் பதிவு. இப்போது எந்த அலுவலகக் கணக்கில் இருக்கிறது என்பதை உள்ளே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே உதவித்தொகைப் படிவத்தைக் கொண்டுபோங்கள். கல்யாணமாகித் திருவாரூரிலிருந்து தஞ்சைக்குப் போன பெண்கள் பதிவை ரத்து செய்ய வேண்டியதில்லை. புது முகவரியில் குடும்ப அட்டை வாங்கியபின் பதிவு மாற்றம் கேட்டால் பழைய பதிவுமூப்போடு மாறும்.

கடைசியாகக் கல்வித் தகுதி. பட்டம் முடித்துச் சான்று கையில் இருந்தும் அதைச் சேர்க்காமல் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம். சேர்த்த தேதியிலிருந்துதான் அந்தத் தகுதிக்குக் கணக்கு. நாலு வருடம் தாமதமாகச் சேர்த்தால் பட்டதாரிக்கான தொகையும் நாலு வருடம் தள்ளிப்போகும். முன்னுரிமைச் சான்று இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆதரவற்ற விதவை, கலப்புத் திருமணம், முன்னாள் படைவீரர் எல்லாருக்கும் தெரியும். அரசுத் திட்டத்துக்கு நிலம் எடுக்கப்பட்ட குடும்பமும் முன்னுரிமைப் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நான்குவழிச் சாலைக்கு வயலைக் கொடுத்த வீடுகள் டெல்டாவில் கொஞ்சமா?

புதுப்பித்தல்

மூன்றாண்டுக்கு ஒருமுறை. அட்டையில் அடுத்த புதுப்பித்தல் மாதம் அச்சாகியிருக்கும். அந்த மாதம் பிறந்ததுமே செய்துவிடுங்கள். செய்து முடித்ததும் அட்டையை மறுபடி திறந்து மாதம் மூன்றாண்டு தள்ளியிருக்கிறதா என்று பார்த்து அச்செடுத்து வையுங்கள். “புதுப்பிக்கப்பட்டது” என்று திரையில் வந்தும் மாதம் மாறாமல் நின்றுவிடுவது உண்டு. தவறவிட்டால் பதிவுமூப்பு போகும், ஓடிக்கொண்டிருக்கும் உதவித்தொகையும் நிற்கும். அரசு எப்போதாவது சிறப்புச் சலுகை அறிவிக்கும். 2017, 2018, 2019-ல் தவறவிட்டவர்களுக்கு 2021-ல் மூன்று மாத அவகாசம் தந்தது அப்படித்தான். அதை நம்பி இருக்க முடியாது.

உதவித்தொகை: யாருக்கு, எவ்வளவு

பொதுப்பிரிவில் மாதத்துக்குப் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை வங்கியில் விழும். மூன்றாண்டு வரை மட்டும். பட்டதாரிக்கு எல்லாம் சேர்த்து 21,600 ரூபாய், பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 7,200. தொகை சொற்பம், மறுக்க முடியாது. வேதாரண்யத்திலிருந்து நாகைக்கு நாலு முறை அலைந்து, வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியையும் விட்டால் 200 ரூபாய்க்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஒரே நடையில் முடியும்படி காகிதங்களைச் சேர்ப்பது முக்கியம்.

நிபந்தனைகள்: பதிவு செய்து ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும். பட்டியல் இனத்தார், பழங்குடியினருக்கு 45 வயது வரை, மற்றவர்களுக்கு 40 வரை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. கல்லூரியில் நேரடியாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. தொலைநிலைக் கல்வி என்றால் தடையில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது. பொறியியல் முடித்த பிள்ளைகள் நிரம்பிய கும்பகோணம், தஞ்சைப் பக்கத்தில் இந்த ஒரு வரி தெரியாமல் அலைகிறவர்கள் அதிகம்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் படிவம். பதிந்து ஓராண்டு ஆனால் போதும், வயது வரம்பும் வருமான வரம்பும் இல்லை, பத்தாண்டு வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய். வேறு துறையில் மாதாந்திர உதவி வாங்குகிறவர்கள் அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் சிக்கல்.

ஐந்தாண்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று காலாண்டு முடிகிற நாளை வைத்து. 2021 ஜூலை 10-ல் பதிந்தவருக்கு 2026 ஜூன் 30 அன்று ஐந்தாண்டு நிறைந்திருக்காது; செப்டம்பர் 30 கணக்கில்தான் வருவார். முன்னதாகப் போய் “தகுதி இல்லை” என்று திரும்பி, பிறகு போகாமலே விட்டவர்கள் நிறைய. ஒவ்வொரு காலாண்டுக்கும் மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பு நாளிதழில் வரும். கடைசித் தேதி அதில் இருக்கும்.

படிவமும் அந்த 72,000-மும்

படிவத்தில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் இருவர் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். கையொப்பம் இருந்து முத்திரை இல்லாத படிவம் அப்படியே திரும்பும்.

மாதம் 6,000 ரூபாய் வருமானம் என்பது இன்றைக்கு ஓர் ஆளின் கூலிக்கே பற்றாத கணக்கு. முன்பு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இதே 72,000-தான் வரம்பு. அங்கே 1,20,000 ஆக உயர்த்திவிட்டார்கள், இங்கே உயரவில்லை. ஆகவே காப்பீட்டு அட்டைக்காக 96,000 என்று எழுதி வாங்கிய வருமானச் சான்று வீட்டில் இருந்தால் அதை இங்கே நீட்டினால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. இ-சேவை மையத்தில் வழக்கமாகப் போடும் ஒரு தொகையை அடித்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும்.

நிலம் உள்ள வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கும் கூட்டுப் பட்டாவில் மொத்தப் பரப்புதான் தெரியும், உங்கள் பங்கு தெரியாது. ஆறு பேருக்குச் சேர வேண்டிய மூன்று ஏக்கரை உங்கள் ஒருவர் வருமானமாக எழுதிவிட்டால் வரம்பு தாண்டும். சிட்டா நகலோடு வாரிசுச் சான்று அல்லது பாகம் காட்டும் காகிதம் ஒன்றை எடுத்துப்போய் வி.ஏ.ஓ.விடம் விளக்குங்கள். கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்குச் செய்பவர்கள் குத்தகை ரசீதைக் கொண்டுபோனால் நெல்லில் எவ்வளவு குத்தகைக்குப் போகிறது என்று காட்டலாம்.

போகும் காலமும் முக்கியம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சாகுபடி அடங்கல் வாங்கக் கூட்டம் நிற்கும் நவம்பரிலும், கொள்முதல் நிலையத்துக்கு அடங்கல் கேட்டு வரிசை நிற்கும் அறுவடைக் காலத்திலும் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் உங்கள் படிவத்தை நிதானமாகப் பார்க்க ஆள் இருக்காது. டிசம்பர் காலாண்டுக்கு வேண்டியதை அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய படிவம், வேலைவாய்ப்பு அடையாள அட்டை, எல்லாக் கல்விச் சான்றுகளும் மாற்றுச் சான்றிதழும் (அசலும் நகலும்), ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம். தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் தனிக்கணக்கு கேட்கிறார்கள். கும்பகோணத்தில் பிறந்த சிட்டி யூனியன் வங்கிக் கணக்கு நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அது தனியார் வங்கி. இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., கனரா போன்றவற்றில் ஒன்று தொடங்கிவிடுங்கள்.

வங்கி இணைப்புகளுக்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும், கார்ப்பரேஷன், ஆந்திரா வங்கிகள் யூனியன் வங்கியோடும் 2020-ல் சேர்ந்துவிட்டன. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கும். பழைய புத்தக நகலைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும், உங்களுக்குத் தெரியக்கூட வராது. புதிதாக அச்சிட்ட புத்தகத்தின் நகல் கொடுங்கள். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருந்தால் முதலில் நூறு ரூபாயாவது போட்டு, கே.ஒய்.சி. கொடுத்து உயிர்ப்பியுங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சத்தமில்லாமல் நிற்கும். வேலை கிடைத்தால் அறிவிக்க வேண்டும். உதவித்தொகை வாங்கினால் பதிவுமூப்பு போய்விடும் என்று கிராமங்களில் ஒரு பேச்சு உலவுகிறது. அதில் உண்மை இல்லை.

வேலையை எங்கே தேடுவது

பதிவுமூப்பை மட்டும் வைத்து அழைப்பு வரும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நாளிதழ் விளம்பரமும் கொடுத்து எல்லாரையும் பரிசீலிக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது. டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எல்லாம் தேர்வு வழிதான்.

டெல்டாக்காரர்கள் தவறவிடுவது மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம். அதன் அறிவிப்புகள் பகுதியில் ஆள்சேர்ப்பு என்று ஒன்று இருக்கும். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி, கிராம உதவியாளர், சத்துணவுப் பணி இவையெல்லாம் அங்கே வரும். வேலைவாய்ப்புத் தளத்தில் தேடினால் அகப்படாது. ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் பணியை அந்தந்த மாவட்டக் கூட்டுறவு ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிக்கும். நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் எடுப்பது நுகர்பொருள் வாணிபக் கழகம். அறிவிப்பு மண்டல அலுவலகத்தின் பெயரில் நாளிதழில் வரும். வாரம் ஒருமுறை இவற்றைப் பார்த்தால் போதும்.

தனியார் வேலை இணையத்திலும் என்.சி.எஸ்.ஸிலும் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்காமல் தேடினால் ஸ்ரீபெரும்புதூரும் ஓசூரும் திருப்பூரும்தான் வந்து நிற்கும். மாவட்டத்தோடு பக்கத்துத் திருச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரம் போட்ட தேதியைப் பார்க்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். ஆள் எடுத்து முடித்த பிறகும் கீழே இறக்காத விளம்பரங்கள் உண்டு. நேரில் பேசுவதே மேல் என்பவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நல்லது. சம்பளம், தங்குமிடம், பி.எஃப். மூன்றையும் அங்கேயே கேட்டுவிடலாம். அதே அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் உண்டு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கோ புதுப்பித்தலுக்கோ தளத்தில் கட்டணம் இல்லை. சென்டர்காரர் வாங்குவது அவர் கூலி. முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்றோ என்.ஐ.சி. டாட் இன் என்றோ முடியாவிட்டால் அது அரசுத் தளம்தானா என்று நன்றாகப் பாருங்கள். “உங்க சீனியாரிட்டி வந்துடுச்சு, ஃபைல் சார்ஜ் கட்டுங்க” என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. என்.சி.எஸ். சந்தேகங்களுக்கு 1514.

நடக்கவில்லை என்றால்

படிவம் கொடுத்த அன்றே நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அது இல்லாமல் பிறகு எந்தப் புகாரும் நிற்காது. இரண்டு காலாண்டு கடந்தும் பணம் வராவிட்டால் முதலில் வங்கியில் பணம் வந்து திரும்பியதா என்று கேளுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். “ஏன் தரவில்லை?” என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். பதிவு எண்ணைப் போட்டு, விண்ணப்பம் பெறப்பட்ட நாள், அதன் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல், நிராகரித்திருந்தால் அந்த உத்தரவின் நகல் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.